தீவின் நிழலில் டிசம்பர் 25

டிசம்பர் 25 என்றதும் ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் நினைவுக்கு வரும். நமக்கு இன்னொன்றும் உண்டு. 1927இல் இதே நாளில்தான் மகாத் மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்தத் தீயைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அண்ணல் அம்பேத்கர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

கடல்வழியாகப் போனார். தரம்தரில் இறங்கிப் பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் பேருந்து முதலாளிகள் ஏற்ற மறுத்துவிட்டால்? அதனால் தூரம் அதிகம் என்றாலும் ‘பத்மாவதி’ என்ற கப்பலில் தாஸ்காவ் துறைக்கே போய் இறங்கினார்கள். அங்கிருந்து மகாத் 5 மைல்தான். யார் மறுத்தாலும் நடந்தே போய்விடலாம்.

இந்த முறை மகாத் போகும் வழியில், அந்த நாளின் காலையைக் கடலில் கொண்டாடுவது என்று முடிவு செய்தோம். முருட் அருகே ராஜபுரி துறையிலிருந்து ஜஞ்சிரா தீவுக்கோட்டைக்குப் பாய்மரப் படகுகள் போகின்றன. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் ஆண்ட கோட்டை அது. அவர்களின் முன்னோரில் பலர் அடிமைகளாக இந்தக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் ஒரு படகை அமர்த்திக்கொண்டோம். மதிலின் நிழலில் நங்கூரம் போட்டு, பாயை இறக்கியதும் அலைச்சத்தம் மட்டும்தான்.

மரப்படகில் தீ மூட்ட முடியாது. கொண்டுபோன பாக்ரியையும் அவித்த முட்டையையும் படகோட்டியோடு பகிர்ந்து சாப்பிட்டோம். திதிச் சாப்பாட்டில் சேர்க்கக் கூடாதவர்கள் என்று மனுஸ்மிருதி போடும் பட்டியலில் கடற்பயணம் போனவரும் உண்டு என்று எங்களில் ஒரு மாணவி சொன்னாள். படகே சிரித்தது. அப்புறம் பேச்சு வேங்கைவயலுக்குப் போனது. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். மகாத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்து 95 ஆண்டுகள் ஆன பிறகு! சிரிப்பு நின்றுபோனது.

“காற்று நின்னுட்டா என்ன செய்வீங்க, சாச்சா?” என்று படகோட்டியைக் கேட்டோம்.

“துடுப்பு இருக்கு பேட்டா. பாயை மட்டும் நம்பி யாராவது கடலுக்கு வருவாங்களா?” என்றார்.

இதைத்தான் இளைய தோழர்களிடம் சொல்ல விரும்புகிறோம். நம்மிடம் கோபம் இருக்கிறது, நியாயம் இருக்கிறது. ஆனால் மண்டபம் தருவதாகச் சொன்னவர் கடைசி நாளில் கைவிரித்தால் என்ன செய்வது என்ற யோசனை பல நேரம் இருப்பதில்லை. 1927இல் மாநாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. ஃபத்தேகான் என்ற இசுலாமியர் தன் நிலத்தைக் கொடுத்தார். வழி அடைபடும் என்று முன்பே கணக்குப் போட்டார்கள். உடன் நிற்பவர்களை முன்பே தேடி வைத்தார்கள். அதனால்தான் அந்தத் தீ எரிந்தது.

கொண்டாடுங்கள் தோழர்களே. படம் எடுங்கள், பாடுங்கள், நீலக்கொடி பிடியுங்கள். ஆனால் அடுத்த போராட்டத்துக்குத் தேதி குறிக்கும் அன்றைக்கே, எல்லாக் கதவும் மூடினால் நாம் நடந்து போகக்கூடிய அந்த 5 மைல் எது என்பதையும் எழுதி வையுங்கள்.

ஜெய்பீம்!