தாய் அறியாத மாற்றம்

கணினித் துறை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் தரும் முதல் ஏமாற்றம் ஒன்று உண்டு. திரை மொழியைத் தமிழாக்கும் சூழல் மாறியை ஒரு சிறு நிரலில் எழுதி இயக்கச் சொல்வேன். நிரல் பிழையின்றி முடியும். ஷெல்லைக் கேட்டாலோ பழைய ஆங்கிலமே நிற்கும். "எங்கே போயிற்று, ஐயா?" என்பார்கள்.

எங்கும் போகவில்லை, நிரலோடு மடிந்தது. 1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு தொடங்கி இதுவே வழக்கம். தாய்ச் செயல் சேயைப் பெறும்போது, இல்லம் எது, நிரல்களை எங்கே தேடுவது போன்ற குறிப்புகளின் படியொன்றைக் கொடுத்துவிடும். பிறகு சேய் திருத்தினால் தாய் அறியாது. தாய் திருத்தினால் சேய் அறியாது. முன்னே ஒரு புள்ளியிட்டு அழைத்தால், ஷெல் சேயைப் பெறாமல் தானே நிரலைப் படிக்கும், மாற்றம் நிலைக்கும்.

"எல்லோரும் ஒரே குறிப்பைப் பார்க்கக் கூடாதா?" என்றாள் ஒரு மாணவி. பார்க்கலாம். அதே ஆய்வகத்தார் பின்னர் படைத்த பிளான் 9-இல் ஒவ்வொரு மாறியும் ஒரு கோப்பு. ஒரே குழுவிலுள்ள செயல்களில் ஒன்று திருத்தினால் மற்றவையும் காணும். தனிப் படி வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். ஆனால் பொதுவில் வைப்பதற்கும் விலை உண்டு. யூனிக்ஸில் ஒரே செயலுக்குள் ஓடும் இழைகளுக்குக் குறிப்பு பொது. ஓர் இழை படிக்கையில் மற்றொன்று திருத்தினால் நிரலே கவிழக்கூடும். ஆகவே நான் படியின் கட்சி. ஆயினும் அந்தக் கட்சியை வாதாடும்போதெல்லாம் என் குரல் சற்றே தாழும்.

என் அத்தை முத்தியால்பேட்டை முகவரியோடு பாரிசுக்குப் போனவர். 1994-இல் நாங்கள் லாஸ்பேட்டைக்குக் குடிபெயர்ந்தோம். அத்தைக்குப் புது முகவரி எழுதும் வேலை எனக்கு. எழுதிவிட்டதாகச் சொன்னேன், எழுதவில்லை. கல்லூரிப் பையனுக்கு எத்தனையோ வேலை! எட்டு மாதம் ஆயா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "பெத்தவள மறந்துட்டாடா" என்பார். நான் பேசாமல் சைக்கிளை எடுப்பேன்.

பழைய வீட்டுப் பக்கத்துக்காரர் ஒருநாள் மூன்று கடிதங்களைக் கொண்டுவந்தார். கடைசிக் கடிதத்தை ஆயாவுக்கு நான்தான் படித்துக்காட்டினேன். "அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம்?" என்று அத்தை கேட்டிருந்தார்.

அன்றிரவே முகவரியை எழுதிப் போட்டேன். ஆயாவிடம் மட்டும் கடைசிவரை தபால்காரர்மீதே பழியைப் போட்டேன்.