புரையேறும் வேளை

உண்ணும்போது எவருக்கேனும் புரையேறினால் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில், இருமித் தவித்த மூதாட்டி ஒருவரிடம் இதையே ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். இருமல் அடங்கிய பிறகு அந்த அம்மா சொன்ன மறுமொழி இது: "என்னைய நெனைக்க யாரு இருக்காக? தண்ணிதேன் தப்பா எறங்குது."

அவர் சொன்னது மருத்துவ முறைப்படியும் சரியானதே. தொண்டையின் அடியில் இரு வழிகள் அருகருகே இருக்கின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். பின்னால் இருப்பது உணவுக்குழாய். ஒவ்வொரு கவளம் இறங்கும்போதும் குரல்வளை மேலெழுகிறது, அதன் மூடி கவிழ்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. விரலைக் குரல்வளையின்மீது வைத்து எச்சிலை விழுங்கிப் பார்த்தால் அந்த எழுச்சியை எவரும் உணரலாம். ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடும் இவ்வேலையை நாம் நாள்தோறும் நூற்றுக்கணக்கான தடவை எண்ணாமலே செய்கிறோம். முதுமையில் தசைகள் தளர்கின்றன, உமிழ்நீர் குறைகிறது, பற்கள் போய்விடுகின்றன. பக்கவாதமோ, நடுக்குவாதமோ, மறதி நோயோ சேர்ந்துகொண்டால் மூடி கவிழ்வது ஒரு கணம் பிந்துகிறது. அந்த ஒரு கணம் போதும், தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விட.

இருமுகிறவர்களைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. இருமல் ஒரு காவற்காரன். இருமாதவர்களைப் பற்றியே அஞ்ச வேண்டும். சிலருக்கு அந்தக் காவலும் உறங்கிவிடுகிறது. உணவு தவறான வழியில் இறங்கினாலும் ஓசை எழுவதில்லை. சாப்பிட்டபின் குரல் ஈரமாய்க் கரகரப்பது, கன்னத்தின் ஓரத்தில் சோறு தங்கிக் கிடப்பது, காரணமின்றி அடிக்கடி காய்ச்சல் வருவது, தண்ணீரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவையே அப்போது நமக்குக் கிடைக்கும் அடையாளங்கள். "கிழவிக்குப் பிடிவாதம், தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறாள்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது பிடிவாதமன்று, அச்சம்.

நம் பள்ளத்தாக்கின் முதியவர்கள் கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்கி வளர்ந்தவர்கள். அப்படிப்பட்ட தொண்டை இன்று ஒரு மிடறு தண்ணீருக்குத் தோற்கிறது என்றால் உறவினர் நம்ப மறுக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படுவோருக்குப் பெரும்பாலும் கெட்டியான கூழைவிடத் தண்ணீரே கடினம். தண்ணீர் விரைந்து ஓடுகிறது, தளர்ந்த தொண்டை ஆயத்தமாகும்வரை காத்திருப்பதில்லை. அதனினும் கடினமானது இரண்டும் கலந்த உணவு. பல்லில்லாதவருக்கு ஏற்றது என்று நாம் பரிவோடு தரும் ரசஞ்சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ரசம் முன்னால் ஓடிவிடுகிறது, பருக்கை பின்தங்குகிறது. தொண்டை எதற்காக மூடுவது? நீரும் சோறும் தனித்தனியே நிற்கும் பழைய சோறும் அத்தகையதே. அதே சோற்றைப் பருப்போடும் நெய்யோடும் சேர்த்துக் குழைய மசித்தால் ஒரே பதமாகி, வழுக்கிக்கொண்டு இறங்கும்.

திராட்சையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சை, 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்வர். அதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. ஆகவே இல்லங்களுக்கு வருகிறவர்கள் கை நிறையத் திராட்சைக் குலைகளோடு வருகிறார்கள். உருண்டை வடிவம், வழுக்கும் தோல், உள்ளே விதை: விழுங்க இயலாதவருக்கு இதைவிடப் பொருந்தாத பழம் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. கனிந்த வாழைப்பழத்தை மசித்துக் கொடுப்பது எவ்வளவோ மேல். அதுவும் நம் மண்ணில் விளைவதுதானே!

எந்தப் பதம் எவருக்கு என்பதில் நாட்டுக்கு நாடு குழப்பம் இருந்ததால், 2013-இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி, நீரிலிருந்து வழக்கமான உணவு வரை பூச்சியம் முதல் ஏழு வரையிலான படிகளை வகுக்கும் பணியைத் தொடங்கினார்கள். அவர்கள் தந்த சோதனைகள் எளியவை. கட்டைவிரல் நகம் வெளுக்குமளவு முட்கரண்டியால் அழுத்தும்போது நசுங்கி, மீண்டும் பழைய வடிவத்துக்குத் திரும்பாமலிருந்தால் அது மென்மையான உணவு. எவருக்கு எந்தப் படி என்பதை மருத்துவரோ, விழுங்குதலில் பயிற்சி பெற்ற பேச்சுப் பயிற்சியாளரோ பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. கெட்டியாக்கிய நீரை முதியவர்கள் விரும்பிக் குடிப்பதில்லை, உடல் வறண்டுபோகிறது. மறுபுறம், வெறும் அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர உடலைத் தேற்றாது. முட்டையும் பாலும் பொட்டுக்கடலை மாவும் நெய்யும் அதில் சேர வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் அது எச்சரிக்கை. இதை அறிய ஓர் எடை பார்க்கும் கருவி போதும். நன்கொடை தர விரும்புவோர் புடவைக்குப் பதிலாக அதைத் தரலாம்.

வாயின் தூய்மையையும் நாம் சிறிதாக எண்ணுகிறோம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பணியாளர்கள் பல்லும் வாயும் துலக்கிவிட்டவர்களில் இரண்டு ஆண்டுகளில் நிமோனியா கண்டவர்கள் நூற்றுக்குப் பதினொருவர். அவ்வாறு செய்யப்படாதவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர். பல் இல்லாதவர்களுக்கும் இது பயன் தந்தது. உமிழ்நீரும் தவறான வழியில் இறங்குகிறது அல்லவா? அதில் அழுக்கு இருந்தால் அது நுரையீரலைச் சேர்கிறது.

இவற்றையெல்லாம் செய்ய விலையுயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். வேண்டியது கை. கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நிதானமாக ஊட்ட அரைமணி நேரம் ஆகிறது. தானே உண்ண இயலாதவர் பத்துப் பேர் இருந்தால் ஒரு வேளைக்கு ஐந்து மணி நேரம். இரண்டு சகோதரிகள் இருந்தாலும் ஒரு வேளைக்கு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். எனவே வேகம் வருகிறது, வேகத்தில் புரையேறுகிறது. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒரு வேளை உணவுக்குப் பணம் கட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம்மில் பலர். அந்த உணவை ஊட்ட உட்காருகிறவர்கள் எத்தனை பேர்?

உட்காருதல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நின்றுகொண்டு ஊட்டினால் முதியவர் அண்ணாந்து பார்க்கிறார். அண்ணாந்த கழுத்தில் மூச்சுவழி திறந்து நிற்கிறது. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் நல்வழக்கமும் இவர்களுக்கு ஆகாது. முதியவரை நிமிர்ந்து உட்கார வைத்து, நாம் அவர் கண்மட்டத்தில் அமர்ந்து, தாடை சற்றே தாழ்ந்திருக்க, சிறு கரண்டியில் கொடுத்து, குரல்வளை எழுந்து தாழ்வதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் தர வேண்டும்.

நற்கருணை வாங்குவதை நிறுத்திவிட்ட முதியவர்களை நான் அறிவேன். அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, இருமல் வந்து அவமதிப்பாகிவிடுமோ என்ற அச்சம். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அவர்களுக்குச் சிறு துணுக்கு போதும். அதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். அதுவும் இயலாதபோது, தேவை ஏற்பட்டால் இரச வடிவில் மட்டுமே நற்கருணை வழங்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 925-ஆம் எண் கூறுகிறது. பங்குத்தந்தையிடம் இதைக் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

இனி, எந்தக் குடும்பமும் பேசத் தயங்கும் கேள்வி: குழாய் வைப்பதா, வேண்டாமா? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நடுக்குவாதத்தால் பல்லாண்டு துன்புற்றவர். நினைவிழந்த நிலையில் நீடித்துக் கிடக்கும் நோயாளிகளைக் குறித்து 2004 மார்ச் 20 அன்று பேசியபோது, செயற்கை வழியில் தரும் உணவும் நீரும்கூடக் கொள்கையளவில் இயல்பான பராமரிப்பே என்றார் அவர். ஓராண்டு கழித்து, 2005 மார்ச் 30 அன்று அவருக்கே மூக்கு வழியாக உணவுக்குழாய் வைக்கப்பட்டதாக வத்திக்கான் அறிவித்தது. ஏப்ரல் 2 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2007-இல் அவர் போதனையை உறுதிசெய்தபோது, அவ்வுணவை உடல் ஏற்க இயலாத நிலை போன்ற விதிவிலக்குகளையும் சுட்டியது. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. கவனமாகக் கையால் ஊட்டுவதே நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் அறிவித்தது. இவ்விரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. கையால் ஊட்டுவதும் உணவு தருவதுதான். கை கிடைக்காததற்காகக் குழாய் வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பக்கவாதம் வந்து தேறிவரும் ஒருவருக்குச் சில வாரங்கள் குழாய் உயிர்காக்கும் துணை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். உயிர் பிரியும் வேளையில் பால் ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். இதழ் நனைய இரண்டு துளி என்றால் அதில் பாசம் மட்டுமே உண்டு. படுத்திருப்பவரின் வாயில் உறவினர் ஒவ்வொருவராய்ப் பால் ஊற்றினால் அது நேரே நெஞ்சுக்குள் போகும். தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களின் உயிரை முடிக்கும் கொடுமை பற்றி 2010-இல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து செய்திகள் வந்தபோது, இப்படிப் பால் புகட்டுவதும் அதன் ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. பாசத்தில் ஊற்றினாலும் வேறு எண்ணத்தில் ஊற்றினாலும் நுரையீரலுக்கு வேறுபாடு தெரியாது. ஈரத் துணியால் உதட்டை நனைத்தாலே போதும்.

சனிக்கிழமை நண்பகலில் மரியாயின் சேனையைச் சேர்ந்த நாங்கள் சிலர் அந்த இல்லத்துக்குப் போகிறோம். ஆளுக்கு ஒருவருக்கு ஊட்டுகிறோம். உண்டு முடித்தபின் அரைமணி நேரமாவது முதியவரைப் படுக்க விடாமல் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. எனக்கு வாய்த்தவர் இளமையில் ஏலத்தோட்டங்களில் மூட்டை சுமந்தவர். வாயில் உணவு இருக்கும்போது பேசக்கூடாது என்பதால் அதுவரை அடக்கி வைத்திருந்து, வாய் துடைத்ததும் தொடங்குவார். போடியிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, மலையேறி, போடிமெட்டில் பனி விலகக் காத்திருந்து நடந்த கதை அது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அவருக்கு இயலாது. வாரம் ஒரு பகுதி. சென்ற வாரம் பூப்பாறை வரை வந்திருக்கிறோம்.