எதை விற்று முத்து வாங்க?

மத்தேயு சுவிசேஷத்தில் ஒரு முத்து வியாபாரி வருகிறான். ஊர் ஊராக நல்ல முத்து தேடி அலைகிறவன். ஒப்பில்லாத முத்து ஒன்று கண்ணில் பட்டதும், கையிலிருந்த சொத்தையெல்லாம் விற்றுத் தீர்த்து அதை வாங்கிவிடுகிறான். பரலோக ராஜ்யம் இப்படித்தான் என்கிறார் இயேசு. பணத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வதில் பாதி இந்தக் கதைக்குள் இருக்கிறது. கடவுள் கிடைக்க வேண்டுமென்றால் உள்ளதையெல்லாம் விட்டுவிடு.

தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்களில் இந்தக் கதைக்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாமே வியாபாரியைப் பற்றித்தான். அந்த முத்தைக் கடலுக்குள் இறங்கி எடுத்தவன் யார், அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு குருவானவரும் கேட்டதில்லை. முத்துக்குளித்த கரையிலேயே நின்றுகொண்டு கேட்கவில்லை.

கொற்கை முத்து என்று நாம் பெருமை பேசுகிறோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற நூல், அங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிறது. 1530களில் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது அதற்கு ஒரு பெரிய காரணம். 1542இல் சவேரியார் வந்தார். இந்தக் கரை கட்டிய கப்பத்தில் ஆண்டுக்கு 4000 பணம், போர்ச்சுகல் அரசி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசிமாரின் சம்பளத்துக்குத் தரும்படி அரசியிடம் கேட்டு வாங்கினார் சவேரியார். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கப்பமே எதற்கு என்று யார் கேட்டது? வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. காலில் கல்லும் கையில் கயிறுமாக, மூச்சை அடக்கிப் பாரில் இறங்கினவன் வீட்டில் முத்து தங்கியதாகக் கதை கூடக் கிடையாது.

பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர் 1806இல் பரதவர் சாதித்தலைவர் செய்து கொடுத்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கேவலமாகப் பார்க்கப்பட்ட ஒரு கடற்கரைச் சனம், தன் மானத்தைத் தங்கத்தில் செய்து தெருவில் இழுத்தது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. என் கேள்வி கடலுக்கு இந்தப் பக்கம், உப்பளத்தில் வெந்த எங்க சனத்தைப் பற்றியது.

எங்களுக்கு முத்து இல்லை. உப்புதான். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி. விடியுமுன்னே அளத்துக்குப் போகணும். வாருபலகையால் இழுத்த உப்பைப் பெண்கள் தலையில் சுமந்து தட்டுமேட்டில் கொட்டணும். வெயில் ஏற ஏற அந்த வெள்ளை கண்ணைப் பறிக்கும். காலில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்புத் தண்ணி. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் வேலை கிடையாது, கடன்தான். மழைக்கால உதவியாக 5000 ரூபாய் தருவதாக அரசு 2021இல்தான் அறிவித்தது.

எங்க ஊர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுபோய்ப் படைக்க வேண்டும். அதை ஏலம் விட்டு வரும் பணம் சபைக்கு. ஒரு வருசம் எங்கம்மா ஓலைக் கொட்டான் நிறைய உப்பு கொண்டு போனாள். அவள் விளைச்சல் அதுதானே. கோழி, வாழைத்தார், தேங்காய் எல்லாம் போட்டி போட்டு ஏலம் போனது. எடுத்தவர் பெயரை மைக்கில் சொன்னார்கள். உப்புக் கொட்டானைத் தூக்கிக் காட்டியபோது, "உப்ப எவம்ல ஏலம் கேப்பான்?" என்று ஒருவன் சொல்ல, சபையே சிரித்தது. அன்றைக்குக் கோழியை அதிக விலைக்கு எடுத்தவர் ஓர் அளத்து முதலாளி. கூலி கூட்டிக் கேட்டவர்களை அந்த வருசம் வேலையை விட்டு நிறுத்தியதும் அவர்தான். வீட்டுக்கு வந்து அம்மா சொன்னாள்: "நாம பூமிக்கு உப்புன்னு வாசிக்காவோ. உப்பக் கொண்டு போனா சிரிக்காவோ."

யாக்கோபு நிருபத்தில், அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கடவுளின் காதில் விழக் கூக்குரலிடுவதாக எழுதியிருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு அதைவிடப் பொருத்தமான பகுதி வேதத்தில் இருக்கிறதா? அதை வைத்து அந்த நாளில் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. எங்களுக்குச் சொன்னதெல்லாம், ஏழைகள் பாக்கியவான்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது புதிதாக வந்திருக்கும் ஆசீர்வாதக் கூட்டங்களில் வேறு மாதிரி சொல்கிறார்கள்: விசுவாசத்தோடு காணிக்கை விதை, நூறு மடங்கு வரும். வரவில்லையென்றால் உன் விசுவாசத்தில்தான் குறை. பழைய பிரசங்கத்திலும் புதிய பிரசங்கத்திலும் அளத்துக் கணக்கு நோட்டை மட்டும் யாரும் திறப்பதில்லை.

வறுமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வார்த்தைப்பாடு கொடுத்து ஏற்றுக்கொள்வது. இன்னொன்று, பிறந்த தெருவிலேயே காத்திருப்பது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அதிலிருந்து வெளியேறிய பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது நாம் திடுக்கிட்டோம். வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களின் மடத்துக்குள் வசதி இருந்தது. வார்த்தைப்பாடே கொடுக்காத சேரியில்தான் வறுமை இருந்தது.

இப்போது வியாபாரிக்கு வருவோம். எல்லாவற்றையும் விற்று முத்தை வாங்கினவர்கள் இந்த நாட்டில் உண்மையிலேயே இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையைப் பாருங்கள். பட்டியல் சாதி என்ற உரிமை இந்து மதத்தைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 1956இல் சீக்கியரையும், 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித்தைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். இட ஒதுக்கீடு, தனித்தொகுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காவல் எல்லாம் ஞானஸ்நானத் தண்ணியோடு போய்விடும். சாதி மட்டும் போகாது.

எங்கப்பாவிடம் உறவுக்காரங்க எத்தனையோ சொன்னாங்க. "சர்ட்டிபிகேட்ல இந்துன்னு போட்டுட்டு ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வாங்க அண்ணாச்சி, யாரு பாக்கப் போறா?" அப்பா கேட்கவில்லை. "சாமிய மறைச்சு வச்சுட்டு நான் சோறு திங்கணுமோ?" என்று கேட்டுவிட்டார். என் சான்றிதழில் கிறிஸ்தவன் என்றே இருக்கிறது. அதற்கு என்ன விலை என்று வேலை தேடிய வருசங்களில் எனக்குத் தெரிந்தது. அப்பா செய்தது சரி, அப்படிச் செய்யாத என் உறவுக்காரர்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை படிக்கணும் என்று பேரை மாற்றி எழுதினவனும் நம் ஆள்தான். அவனை மேடையில் நின்று இரட்டை வேஷம் என்று திட்டுகிற குருவானவர், தன் விசுவாசத்துக்காக ஒரு வேலையை, ஒரு சீட்டை இழந்தவர் இல்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரி வழக்கு ஒன்றில், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. விசுவாசத்துக்கு இவ்வளவு பெரிய விலை வைத்த ஆணை நியாயமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மத நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அறிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது.

விசுவாச வாழ்க்கை என்றால் என்ன? மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, நாம் 'பரட்டை' என்று அறிந்தவர், ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாகச் சொன்னார். நெல்லை, தூத்துக்குடிச் சபைகளில் அசனம் என்று அப்படி ஒரு விருந்து இன்றும் நடக்கிறது. ஒரு நாள் ஒரே உலை, மற்ற நாளெல்லாம் தனித்தனி அடுப்பு. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா? சபைகளின் பள்ளிக்கூட வேலை, கல்லூரி சீட்டு, நிலம், கமிட்டி நாற்காலி இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று கணக்குக் காட்டட்டும். சபைக்குக் காணிக்கை கொடுக்கிற முதலாளி, தன் அளத்தில் என்ன கூலி கொடுக்கிறார் என்பதையும் சேர்த்து மைக்கில் வாசிக்கட்டும்.

விற்க எதுவும் இல்லாதவனிடம் எல்லாவற்றையும் விடு என்று சொல்வது சுவிசேஷம் ஆகாது. தலித் கிறிஸ்தவர் அந்த முத்துக்கு எழுபது வருசத்துக்கு மேலாக விலை கொடுத்துக்கொண்டே இருக்கிறார். இனி விற்க வேண்டியது, வைத்திருக்கிறவர்கள்.