இருபதாயிரத்துக்குள் ஒரு கிடார்

எலெக்ட்ரிக் கிடார் வாங்கக் கிளம்புகிறவர்களில் பலருக்கு, தாங்கள் வாங்கப் போவது பாதி வாத்தியம்தான் என்பது கடைக்குப் போன பிறகே தெரிகிறது. மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயர். அது இல்லாமல் கம்பியை மீட்டினால் அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு என் அக்கா மகள் கிடார் கேட்டாள். அத்தான் மனசுக்குள் ஒரு தொகை வைத்திருந்தார், இருபதாயிரம். ஆம்பும் அதற்குள்தான் வரவேண்டும் என்று நான் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "அப்போ கிடாருக்கும் கரண்ட் பில்லா மாப்ளே?" பயிற்சிக்கான பத்து வாட் ஆம்ப், பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரத்தைக்கூட இழுக்காது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த மாதிரி விசாரணைகள் எங்கள் வீட்டில் என்னிடம்தான் வரும். கல்லூரிக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார் வாசித்தேன் என்பது என் தகுதி. லீட் வாசித்தவன் துபாய் போய்விட்டான். இருந்திருந்தால் அவனைக் கேட்டிருப்பார்கள்.

"முதலில் சாதா கிடாரில் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் எலெக்ட்ரிக் பார்க்கலாம்" என்று சொல்லாத உறவினர் இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டு வளர்ந்தவன்தான். இன்று அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிடாரில் கம்பிகள் தடிமனானவை, இழுவிசை அதிகம். முதல் சில வாரங்களில் விரல் நுனி எரிந்து, எஃப் கார்டு பிடிக்க வராமல், கிடாரைப் பரணில் போட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். எலெக்ட்ரிக் கிடாரில் மிக மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான். கழுத்தும் ஒல்லி. அழுத்த எளிது, வளைக்க எளிது. கிடார் பிரசன்னா போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிடாரில் கமகத்தோடு கர்நாடக இசை வாசிப்பதற்கு இந்த மெல்லிய கம்பியும் கைகொடுக்கிறது. பாட்டு கேட்டு ஆசைப்பட்ட வாத்தியத்தைக் கையில் கொடுக்காமல் வேறொன்றைக் கொடுத்துப் பொறுமையைச் சோதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அடுக்குமாடி வீட்டில் இன்னொரு வசதியும் உண்டு. ஆம்பில் ஹெட்போனைச் செருகிவிட்டால் இரவு பதினொரு மணிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டமாட்டார்.

மலிவு என்றால் மட்டம் என்ற பயம் நமக்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். வாத்தியம் என்றதும் நமக்கு வீணைதான் நினைவுக்கு வருகிறது. தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து குடம் எடுத்து, மெழுகில் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டுப் பதித்து மேளம் கட்டுகிறார்கள். அங்கே மரமும் கையும்தான் நாதம். விலை குறைந்தால் அதில் ஏதோ குறைந்திருக்கிறது என்றே அர்த்தம்.

எலெக்ட்ரிக் கிடாரின் பிறப்பே வேறு. கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். மேலே கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது, சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. மரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சண்டை உலகமெங்கும் ஓய்வில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ளும் பிள்ளையின் காதுக்கு எட்டும் வித்தியாசம் அதில் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆலையில் செய்வதற்காகவே வரையப்பட்ட வாத்தியம் இது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடைசிவரை கிடார் வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. 1950-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்து, பின்பு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிடார், ஒரு கெட்டிப் பலகையும் அதில் நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கிய கழுத்தும்தான். கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டலாம். ரேடியோ மெக்கானிக்கின் புத்தி அது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் இதே வழிதான். இன்று உலகில் விற்கும் மலிவுக் கிடார்களில் பெரும்பங்கு இந்த இரண்டின் வாரிசுகள்.

அமெரிக்காவில் டேன்எலெக்ட்ரோ என்ற கம்பெனி இன்னும் ஒருபடி இறங்கி வந்தது. மரச் சட்டத்தின் மேல் ஹார்ட்போர்டு ஒட்டி உடல் செய்தார்கள், லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப்பை அடைத்தார்கள், சியர்ஸ் கடையின் தபால் வணிகப் பட்டியலில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றார்கள். 1960-களின் தொடக்கத்தில் கிடார் பெட்டிக்குள்ளேயே ஆம்பையும் வைத்துக் கொடுத்தார்கள். அத்தானின் கவலைக்கு அப்போதே விடை இருந்திருக்கிறது. லெட் செப்பலின் ஜிம்மி பேஜ் பெரிய மேடைகளில் டேன்எலெக்ட்ரோ வாசித்திருக்கிறார். ஹார்ட்போர்டு என்று யாரும் எழுந்து போனதாகத் தெரியவில்லை.

இப்போது மரத்தைக் குடைவதும் துளை போடுவதும் கணினி சொல்படி இயங்கும் எந்திரங்கள். கொரியாவின் கோர்ட் நிறுவனம் இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஆலை வைத்துத் தன் பெயரிலும், வேறு பிரபல பெயர்களுக்காகவும் கிடார் செய்கிறது. 1982-இல் ஜப்பானில் தொடங்கிய ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையர் இன்று இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகிறது. யமஹாவின் பசிஃபிகா, ஐபனேஸின் தொடக்க வரிசை எல்லாம் இந்தக் கூட்டம்தான். இவற்றில் எதை எடுத்தாலும் ஃப்ரெட்டுகள் என்னும் மெட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். நான் வாசித்த காலத்தின் மலிவுக் கிடாரில் அதற்கே உத்தரவாதம் கிடையாது. மேலே போகப் போகச் சுருதி தன் இஷ்டத்துக்குப் போகும். (இடையில் ஒரு தகவல்: பல ஸ்குவையர்களின் விரல்பலகையில் இந்தியன் லாரல் என்று போட்டிருப்பது நம் காடுகளின் கருமருது. ஈட்டி மரத்துக்கு 2017-இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தபோது கிடார்க்காரர்கள் தேடிப் போன மரங்களில் அதுவும் ஒன்று.)

அப்படியானால் விலையில் எங்கே குறைக்கிறார்கள்? சில உதிரி பாகங்களில் குறைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வாசிக்கிறவர் கை உணரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். விலை உயர்ந்த கிடாரை, பெட்டியில் போடும் முன், விஷயம் தெரிந்த ஒருவர் மடியில் வைத்துச் சுமார் ஒரு மணி நேரம் சரிபார்ப்பார். மலிவுக் கிடாருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. எந்திரம் தன் வேலையை முடிக்கிறது, பெட்டி மூடப்படுகிறது. அப்புறம் கப்பல், குடோன், ஏசி ஷோரூம். வழியில் மரம் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் வளைந்திருக்கும், காய்ந்து கொஞ்சம் சுருங்கியிருக்கும். ரெடிமேட் சட்டை வாங்கித் தெருமுனைத் தையற்காரரிடம் கை நீளத்தைக் குறைத்துக்கொள்கிறோமே, அந்தக் கணக்குதான் இதுவும். விட்டுப்போன அந்த ஒரு மணி நேரத்தை நம் ஊரிலேயே தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

கிடார்க்காரர்கள் இதை செட்டப் என்பார்கள். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடை ஆலன் சாவியால் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்பி வளைவைச் சரி செய்வது, பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் நீளத்தையும் சீராக்குவது, தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் நட்டின் பள்ளங்களை அளவாக அராவுவது, துருத்தும் ஃப்ரெட் நுனிகளைத் தேய்ப்பது. கம்பி உயரமாக நிற்கும் கிடாரில் ஒரு கார்டு பிடிக்கப் பிள்ளை பல்லைக் கடிக்கும். அதே கிடாரைச் சரிசெய்து கொடுத்தால் விரல் தானாகப் போய் உட்காரும். தனக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டிய எத்தனையோ பேரிடம் இருந்தது, செட்டப் ஆகாத கிடார்தான் என்பது என் தீராத சந்தேகம்.

எது சரிசெய்யக்கூடிய குறை, எது தலைவிதி என்று கடையிலேயே பார்த்துவிடலாம். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. கழுத்தின் இரண்டு ஓரத்திலும் கையை ஓட்டினால் ஃப்ரெட் நுனி கீறுகிறதா என்று தெரியும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர் போல இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. கம்பியை ட்யூனரில் சரிவைத்துவிட்டு அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம் வந்து ட்யூனர் முள் நடுவில் நிற்க வேண்டும். ஆறு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக மீட்டிக்கொண்டே போய், எங்காவது ஸ்ர்ர் என்று உரசுகிறதா என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இவை எல்லாம் பெரும்பாலும் செட்டப்பில் தீரும். தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் பார்க்கும்போது கழுத்து முறுக்கிக்கொண்டு தெரிந்தால் மட்டும் அந்தக் கிடாரை மாட்டிய இடத்திலேயே மாட்டிவிடுங்கள்.

கடைப் பையன் கிடாரை வாங்கி, கண் இமைக்கும் முன் கழுத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விரலை ஓட்டிக் காட்டுவான். அவன் கையில் எல்லாக் கிடாரும் நன்றாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வாங்குகிற பிள்ளை உட்கார்ந்து மடியில் வைக்கட்டும், பெல்ட் போட்டு நிற்கட்டும், கனம் தோளை இழுக்கிறதா என்று சொல்லட்டும்.

மேலும் கீழும் மிதக்கும், பூட்டு வைத்த வைப்ரேட்டோ பிரிட்ஜ் முதல் கிடாரில் வேண்டாம். ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் விலகும்; மலிவுக் கிடாரில் அது தினசரி வேதனை. பிக்கப் விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். பழைய ட்யூப்லைட் சோக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் பக்கத்தில் இருந்தால் ஆம்பிலிருந்து ஹம் என்ற சத்தம் ஓயாது. இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அதை அடக்குவதுதான் ஹம்பக்கர். 1950-களில் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் உருவாக்கியது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் பிரிட்ஜ் பக்கம் மட்டும் ஹம்பக்கர் வைத்த கிடார், பழகுகிறவருக்கு நல்ல சமரசம். எதுவானாலும் ஆம்பைச் செருகும் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். விரல் படும் கம்பிகள் ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்தவை. இதில் அலட்சியம் கூடாது.

பெல்ட், பை, பிக், கேபிள், ஆம்ப் எல்லாம் சேர்த்து விற்கும் காம்போவை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் வரும் ஆம்ப் தகர டப்பாவின் சத்தம் போடும், கேபிள் சீக்கிரமே கரகரக்கும். பெரிய கம்பெனியின் பெயரைத் தலையில் ஒட்டிய போலிகளும் உலவுகின்றன. நம்ப முடியாத விலையில் கிப்சன் கிடைத்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. தெரிந்தவர் வைத்திருந்து, வாசிக்காமல் கிடக்கும் பழைய பசிஃபிகாவோ ஸ்குவையரோ கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பார்க்கலாம். வால்யூம் குமிழைத் திருகும்போது வரும் கரகரப்பு சின்னக் கோளாறு, அதைக் காட்டியே விலை பேசலாம்.

எங்கள் வீட்டில் கடைசிச் சண்டை நிறத்துக்காக வந்தது. அத்தானுக்கு மரநிறம் பிடித்தது, அழுக்கு தெரியாதாம். அவள் கேட்டது கடல்நுரைப் பச்சை. நான் அவள் பக்கம். நிறம் அற்ப விஷயமில்லை. சுவரோரம் ஸ்டாண்டில் நிற்கும் கிடார் கடந்து போகும்போதெல்லாம் கண்ணில் பட்டு, எடுக்கத் தூண்டவேண்டும். பைக்குள் ஜிப் போட்டு மூடிய கிடாரை யாரும் வாசிப்பதில்லை. பச்சைதான் வந்தது. ஹெட்போன் துளை உள்ள சிறிய ஆம்ப் ஒன்றும் வந்தது. கணக்குக்குள் அடக்குவதற்காக, கிடாரில் ஒருபடி உயர்ந்த மாடலை விட்டுக்கொடுத்தோம். அந்த மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு பகுதி, கிடார் ரிப்பேர் செய்யும் ஒருவருக்குப் போனது. அவர் ஒரு மாலை முழுக்க அதை மேசையில் போட்டு வேலை பார்த்தார். கம்பிக்குக் கீழே கை நுழையும் என்பதுபோல் இருந்த கிடார், அவர் கையிலிருந்து வந்தபோது வேறு ஆளாக வந்தது.

ஆகவே கிடாருக்கென்று எவ்வளவு எடுத்து வைத்தாலும், அதில் ஒரு 2,000 ரூபாயைத் தனி உறையில் போட்டு, கடைக்குப் போகும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கடைக்காரர் அடுத்த மாடலைக் காட்டி ஆசை மூட்டினாலும் அதைத் தொடாதீர்கள். செட்டப்புக்கும் ஒரு புதுக் கம்பி செட்டுக்கும் அது வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளைப் பழைய பருத்தித் துணியால் துடைத்து வைக்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் கம்பி வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும்.