எட்டு கிராம்

தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகை வாங்க வருகிறவர் பவுனில் பேசுவார், தராசு கிராமில் பேசும். மூணேகால் பவுனில் சங்கிலி கேட்டால், விற்பனையாளர் மனசுக்குள் 26 கிராம் என்று போட்டுக்கொண்டே தட்டை எடுப்பார். டேட்டாபேஸுக்கு அந்த மனசு கிடையாது.

ஒரு கடையின் பழைய பில்லிங் சாஃப்ட்வேரில் எடைக்கான ஃபீல்டு வெறும் நியூமெரிக். ஒரு கவுன்டரில் பவுனை 2 என்று தட்டியிருந்தார்கள், பக்கத்துக் கவுன்டரில் கிராமை 16 என்று. கூட்டினால் 18. டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் முகம் சுளிக்காமல் கூட்டித் தந்துவிடும்.

இதற்கு டொமைன், அதாவது நியூமெரிக்குக்கே பவுன், கிராம் என்று வேறு பெயர் வைப்பது, போதும் என்பார்கள் சிலர். போதாது. கூட்டும்போது இரண்டு டொமைனும் பழையபடி நியூமெரிக் ஆகி, அதே 18 வரும். ஒன்றை இன்னொன்றாக மாற்ற டொமைனுக்கு கிரியேட் காஸ்ட் எழுதினாலும், போஸ்ட்கிரஸ் ஒரு எச்சரிக்கையோடு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கிரியேட் டைப் போட்டுத் தனித்தனி டைப்பாகச் செய்தால்தான், இந்த இரண்டையும் கூட்ட ஆப்பரேட்டரே இல்லை என்று மல்லுக்கு நிற்கும். நிற்கட்டும், நமக்கு வேண்டியது அதுதான்.

அப்புறம் காஸ்ட், ஒரு டைப்பை இன்னொன்றாக மாற்றும் விதி. சும்மா எழுதினால், நாம் :: போட்டுக் கேட்டால் மட்டும் மாற்றும். அஸைன்மென்ட் என்றால் இன்சர்ட், அப்டேட்டில் தானாக மாறும். இம்ப்ளிசிட் என்றால் எங்கே வேண்டுமானாலும். எரர் வந்து தொலைக்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் இம்ப்ளிசிட் ஆக்குகிறவர்கள் உண்டு. பவுனிலிருந்து கிராமுக்கு அப்படிப் போகலாம், எட்டால் பெருக்கினால் எதுவும் குறையாது. திரும்பி வருவதில்தான் வினை. தராசு 26.340 காட்டுகிறது. எட்டால் வகுத்தால் 3.2925 பவுன். டைப்பில் இரண்டு தசமத்துக்குத்தான் இடம் என்றால் 3.29, மறுபடி கிராமாக்கினால் 26.320. 20 மில்லிகிராம் காணோம். ஒரு சங்கிலியில் யார் கண்ணிலும் படாது; ஸ்டாக் எடுக்கிற அன்றைக்குக் கவுன்டர் பையன் தலையில் விழும்.

2008-ல் வந்த 8.3 பதிப்பில், எண்ணும் தேதியும் தானாக டெக்ஸ்ட் ஆகிற சலுகையை போஸ்ட்கிரஸே பெருமளவு பிடுங்கிவிட்டது. அதை நம்பி ஓடிய கொயரிகள் நின்றன. எனக்கு அதில் தப்பே தெரியவில்லை.

மற்ற அளவுகளையும் இப்படி மாற்றலாமா என்றால், அடையாறில் மனை கிரவுண்டு கணக்கு. 2400 சதுர அடி, வம்பில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் பூவை முழம் போடுகிறார்கள். அதைச் சென்டிமீட்டராக்க ஃபங்ஷன் எழுத யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூக்காரம்மாவின் கை நீளம் ஒரு பக்கம், வாங்குகிறவர் அவருக்கு வாடிக்கையா என்பது இன்னொரு பக்கம்.