நன்றி யாருக்கு?

டிசம்பர் கடைசியில் எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் டைரி கொடுத்துச் சொல்கிறார். குணமாகிப் போனவர்கள் வாழைப்பழச் சீப்போடு வந்து சொல்கிறார்கள். சந்தோஷந்தான். ஆனால் சேரியிலிருந்து வந்து டாக்டரான எனக்கு இந்த வார்த்தை கொஞ்சம் உறுத்தும். காலங்காலமாக நம்மிடம் கேட்டு வாங்கப்பட்டது அதுதானே. நடவுக்கூலியைக் குறைத்து அளந்துவிட்டு, 'நன்றி விசுவாசம் வேணும்' என்பார் பண்ணைக்காரர். அம்மா தலைகுனிந்து முந்தானையில் நெல்லை வாங்கும். நான் படித்து வேலைக்கு வந்த பிறகும் அது விடவில்லை. 'கோட்டாவுல வந்தவங்க சர்க்காருக்கு நன்றியா இருக்கணும்' என்றார் என்னோடு வேலை பார்த்த ஒருவர்.

கோட்டா யாரும் போட்ட பிச்சையல்ல. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து வழக்குப் போட்ட செண்பகம் துரைராசன் கேட்டது மருத்துவக் கல்லூரி இடம். அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. ஆனாலும் 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். ஜூனில் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. அப்போது சட்ட அமைச்சர் அண்ணல் அம்பேத்கர்.

2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவும் அதே மருத்துவ இடத்தைத்தான் கேட்டாள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டை எதிர்த்து அதே உச்சநீதிமன்றத்துக்குப் போனாள். விண்ணப்பம் போடாதவரின் குரல் கேட்ட இடத்தில் இவள் குரல் கேட்கவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டாள். இதில் யார் யாருக்கு நன்றி சொல்வது?

எனக்கும் நன்றி உண்டு. அது மேலே பார்த்துச் சொல்வதல்ல. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நான். உடலைத் திறப்பதும் தைத்துக் கழுவி வெளியே அனுப்புவதும் பிணவறைப் பணியாளர். அவரும் நம்ம சனந்தான். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்கள் அவரை 'டேய்' என்கிறார்கள். 2020இல் கொரோனா வார்டை எங்களுக்கு முன்னால் போய்க் கூட்டிப் பெருக்கியது துப்புரவுப் பெண்கள். கை தட்டச் சொன்னார்கள், தட்டினோம். கைதட்டலை வைத்து உலை வைக்க முடியுமா? 'சம்பளத்த ஒழுங்கா குடுத்தா போதும் டாக்டரம்மா' என்றது ஒரு அக்கா.

நம் டிசம்பர் வேறு. 6ஆம் தேதி அண்ணல் மறைந்த நாள், 1956. 25ஆம் தேதி வெண்மணி, 1968. கூலி கேட்ட சனத்தைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள்; செத்தது 44 பேர். கூலி கேட்பது நன்றிகெட்ட தனம் என்று அன்று அவர்களையும் சொல்லியிருப்பார்கள். அந்த நன்றிகெட்டவர்களுக்குத்தான் என் நன்றி. அவர்கள் கேட்டதால்தான் அம்மாவின் முந்தானையில் விழுந்த நெல் கொஞ்சமாவது கூடியது. நான் பள்ளிக்கூடம் போனேன்.

இந்த லீவில் காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் உயிரியல் படிக்க வருகிறார்கள். அவர்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம். கேள்வி கேட்டால் போதும்.