மரமும் மதுவும்

ருசியைப் பற்றி எழுதுவது சிரமமான காரியம். மாம்பழம் எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டால், "மாம்பழம் மாதிரி இருக்கும்" என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படியிருக்க, இத்தனை வயதுக்குள் நாலைந்து தடவைக்கு மேல் மதுக் கிண்ணத்தைத் தொட்டறியாத நான், பிரெஞ்சு தேசத்து வெள்ளை ஒயினைப் பற்றி எழுதத் துணிந்தால் வாசகர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். அந்த ஒயினுக்குப் பின்னால் ஒரு தகப்பனும் மகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய வழக்கைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர் தூரத்தில் ஷாப்ளி என்று ஒரு சிறிய ஊர். பர்கண்டிப் பிரதேசத்தின் வடகோடி அது. ஸெரென் என்ற சிற்றாறு ஊரோடு ஒட்டி ஓடுகிறது. ஆற்றின் இருபுறமும் மேட்டுச் சரிவுகள். சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். 12-ஆம் நூற்றாண்டிலேயே பொந்தினி மடத்துத் துறவிகள் அங்கே திராட்சை வளர்த்திருக்கிறார்கள். மண்ணைக் கையில் அள்ளினால், சுண்ணாம்புக் கல்லோடு சின்னஞ்சிறு சிப்பிகளும் சேர்ந்து வருகின்றன. ஏறக்குறைய 15 கோடி வருஷங்களுக்கு முன் அந்த இடம் கடலுக்கு அடியில் இருந்ததாம்.

அங்கே பயிராவது ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சை. இன்று உலகம் முழுவதும் பேர் பெற்றுவிட்ட ஜாதி. ஆனால் 1999-ஆம் வருஷம் விஞ்ஞானிகள் மரபணுவை ஆராய்ந்து பார்த்தபோது, ஒரு பக்கம் பினோ என்னும் உயர்குலமும் இன்னொரு பக்கம் குவே என்னும் யாரும் மதிக்காத குடியானவத் திராட்சையும் கூடிப் பிறந்த குழந்தை அது என்று தெரிந்தது. கதை எழுதுகிறவனுக்கு இதைக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷம் ஏற்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

குளிர்தான் அந்த ஊரின் செல்வம். வெயில் ஓங்கி அடிக்கும் தேசத்தில் பழத்தின் புளிப்பு சீக்கிரம் கரைந்து, இனிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஷாப்ளியில் பழம் மெள்ளப் பழுப்பதால் புளிப்பு தங்கிவிடுகிறது. ஒயினுக்கு உயிர் கொடுப்பது அந்தப் புளிப்புதான். ஆனால் அதே குளிர் ஏப்ரல் மாதத்தில் எமனாகவும் வந்து நிற்கும். கொடியில் அப்போதுதான் தளிர் விட்டிருக்கும். ஒரே இரவு உறைபனி விழுந்தால் போதும். அந்த வருஷத்து மகசூல் போய்விடும். அதனால் வரிசைகளுக்கு நடுவே தகர டப்பாக்களில் மெழுகைக் கொளுத்தி வைத்துவிட்டு விடிய விடியக் காவல் இருக்கிறார்கள். சிலர் தளிரின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக மாறும்போது வெளிவிடும் சிறு வெப்பம் உள்ளே இருக்கும் தளிரைக் காப்பாற்றுகிறது. பனியைக் கொண்டே பனியைத் தடுக்கும் வித்தை!

நான் அங்கே போனது 2022-ஆம் வருஷம் அக்டோபரில். பாரிஸில் குடியிருக்கும் புதுச்சேரி நண்பர் ஒருவர், தமக்குத் தெரிந்த ஒரு தோட்டக்காரர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். மகளுக்கு முப்பத்தைந்து. தோட்டம் தகப்பனார் பொறுப்பு. கணக்கும் வியாபாரமும் மகள் பொறுப்பு. இருவரும் பேசுவதை நண்பர் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

நிலவறையில் ஒரு பக்கம் பளபளவென்று எவர்சில்வர் தொட்டிகள். இன்னொரு பக்கம் கறுத்துப்போன ஓக் மரப் பீப்பாய்கள். அந்த ஊரின் பழைய அளவு 132 லிட்டர். பர்கண்டியின் மற்றப் பகுதிகளில் 228 லிட்டர். ஓக் மரத்தைப் பலகையாகப் பிளந்து, இரண்டு மூன்று வருஷம் மழையிலும் வெயிலிலும் போட்டு வைத்து, பிறகு நெருப்பில் வாட்டி வளைக்கிறார்கள். புதுப் பீப்பாய் தன் வாசனையை ஒயினுக்கு ஏற்றும். புது மண்பானை தண்ணீருக்கு ஏற்றுவதைப் போல. நாலைந்து தடவை நிரப்பிய பிறகு வாசனை அடங்கிப் போகிறது. ஆனால் மரத்தின் நுண்துளை வழியே துளித் துளியாகக் காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஒயினும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்ப வேண்டும். அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியும், பச்சை ஆப்பிளின் புளிப்பைத் தயிரின் புளிப்பாக மாற்றும் கிருமியும் சேர்ந்து ஒயினுக்கு ஒரு வழவழப்பைக் கொடுக்கின்றன.

"அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு காலத்தில் புது மரத்தை அளவில்லாமல் போட்டார்கள். குடித்தால் பலகையைக் கடித்த மாதிரி இருக்கும். கடைசியில் ஜனங்கள், 'ஷார்டொனேயைத் தவிர எது வேண்டுமானாலும் கொடு' என்று கேட்கத் தொடங்கினார்கள்" என்று பெரியவர் சிரித்தார். அவர் வைத்திருந்ததெல்லாம் பழைய பீப்பாய்களே.

வழக்கு ஏற்பட்டது 2021-இல். அந்த ஏப்ரல் முதல் வாரத்தில் பிரெஞ்சு தேசத்துத் தோட்டங்களில் விழுந்த உறைபனி ஷாப்ளியையும் விட்டுவைக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சிற்று. மிஞ்சியதை என்ன செய்வது?

"எவர்சில்வரில் வைத்துச் சீக்கிரம் விற்றுவிடலாம், அப்பா. பாங்கிக் கடன் இருக்கிறது. கொடி கவாத்துச் செய்யக் கூலி கொடுக்க வேண்டும். இருப்பதே கொஞ்சம், அதில் மரத்துக்கு வேறு பங்கு கொடுப்பானேன்?" என்றாள் மகள்.

"பனியிலிருந்து தப்பி வந்தது, அம்மா. அதை அவசரப்படுத்தாதே" என்றார் தகப்பனார்.

ஒரு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லையாம். பிறகு பாதி தொட்டிக்கும் பாதி பீப்பாய்க்கும் போயிற்று.

இரண்டையும் எனக்கு ஊற்றினார்கள். தயங்கினேன். "நீங்க ஒரு வாய் கூடக் குடிக்கலேன்னா பெரியவர் மனசு கஷ்டப்படும், சார்" என்றார் நண்பர். முதல் கிண்ணத்தில் எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும், மழை நனைத்த கல்லின் வாசனையும் இருந்தன. நாக்கில் பட்டவுடனே தன் பேரைச் சொல்லிற்று. இரண்டாவது அப்படி இல்லை. அதே புளிப்புதான், ஆனால் அது பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, முன்னால் எதையோ அனுப்பி வைத்தது. வறுத்த பருப்பின் லேசான வாசனை என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கிய பிறகும் அது போகாமல் நின்றது.

"எது உயர்த்தி?" என்று பெரியவர் கேட்டார். நான் இரண்டாவது கிண்ணத்தைக் காட்டினேன். அவர் மகளைப் பார்த்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அந்த முதல் கிண்ணம்தான் போன குளிர்காலத்துக் கூலியைக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் இந்த இரண்டாவது கிண்ணத்தை எப்போதோ விற்றிருப்போம்" என்றாள்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் சரிதான்" என்று சொல்லி, முதல் கிண்ணத்தை எடுத்துத் தாமே குடித்தார்.

எனக்குச் சுரீர் என்றது. பத்திரிகைக்கு வாரா வாரம் எழுதிக் கொடுக்கிறவன் நான். வியாழக்கிழமைக்குள் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். அந்தப் பணத்தில்தான் வீட்டு வாடகையும் பெண்ணின் காலேஜ் சம்பளமும் நடக்கின்றன. இன்னொரு பக்கம், ஆறு வருஷமாக ஒரு நாவல் என் பெட்டியில் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து, குறைந்ததை நிரப்பி, மறுபடி மூடி வைக்கிறேன். நண்பர்களில் சிலர் வாரக் கதையைப் பார்த்து, "இதெல்லாம் எதற்கு?" என்கிறார்கள். சிலர் பெட்டியைப் பார்த்து, "அது எதற்கு?" என்கிறார்கள். இரு கட்சிக்கும் சேர்த்து ஒரே பதிலை அந்த நிலவறையில் ஒரு பெண் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாவலை எப்போது எதிர்பார்க்கலாம் என்று கடிதம் எழுதும் அன்பர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டி பத்திரமாக இருக்கிறது. வியாழக்கிழமை அத்தியாயமும் தவறாமல் வரும். ஏப்ரல் பிறந்தால் மட்டும், ஷாப்ளியில் இரவில் எத்தனை டிகிரி என்று படுக்கப் போகுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். சைபருக்குக் கீழே இறங்கினால் எனக்கும் சரியாகத் தூக்கம் வருவதில்லை.